குரங்கு நிறுத்திய ரோபோ படம்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இலங்கை முழுவதும் ஒரே வேளையில் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அந்தச் செய்தி உலகமெங்கும் போய் எல்லோரையும் சிரிக்க வைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் வெள்ளவத்தையில் ஒரு வாடகை மண்டபத்தில் ஐம்பது பேரளவில் உட்கார்ந்து ‘வோல்-ஈ’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டபம், கருவிகள், திரையிடும் அனுமதி, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தவள் நான். அந்த ஒரு முற்பகலோடு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. அதில் குரங்கின் பங்கு எவ்வளவு, மனிதர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் நாலு பேரைக் கூட்டிப் படம் காட்டி, அதைப் பற்றிப் பேச வைக்கலாம் என்று யாராவது நினைத்திருந்தால் காசைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சினிமா எனக்குத் தொழில் அல்ல, பைத்தியம். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் இருக்கும் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களுமாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு வரை படங்களைப் பற்றிச் சண்டை பிடிப்போம். ஒருநாள் யாரோ “கார்ட்டூன் எல்லாம் பிள்ளைகளுக்கு” என்று எழுதிவிட்டார்கள். அதிலிருந்து மூண்ட சண்டை இரண்டு வாரம் ஓய்வில்லாமல் நடந்தது. ஒரு ரோபோ படத்தை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, முகத்தைப் பார்த்துப் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பொறுப்பெடுக்க ஒருவரும் வரவில்லை. கைதட்டல் பொம்மைகளைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டுப் பாருங்கள், யார் உண்மையில் உங்களோடு நிற்கிறார் என்பது அன்றே தெரிந்துவிடும்.

படத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. 2008இல் வெளிவந்த, பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்தின் படம், இயக்கியவர் அன்ட்ரூ ஸ்டான்டன், சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் பெற்றது. மனிதர்கள் குப்பையால் மூடிய பூமியை விட்டு விண்கப்பலில் போய்விட்டார்கள். 2805ஆம் ஆண்டிலும் வோல்-ஈ என்ற ஒரேயொரு துருப்பிடித்த ரோபோ குப்பையை வயிற்றுக்குள் அள்ளி, சதுரக் கட்டியாக அழுத்தி, கட்டடம் போல அடுக்கிக்கொண்டிருக்கிறது. முதல் அரைமணி நேரத்துக்கும் மேல் பேச்சு என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய இல்லை. தமிழ் மொழி மூலம் படித்தவர், சிங்களத்தில் படித்தவர், ஆங்கிலம் மட்டும் ஓடும் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை, எழுபது வயது அம்மம்மா எல்லோரும் ஒரே இடத்தில் சிரிக்கக்கூடிய படம் வேறு எங்கே கிடைக்கும்? பின்பாதியில் பேச்சு வருவதால் கதையின் பின்னணியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒற்றைத் தாளில் அச்சடித்து வாசலில் கொடுத்தேன். செலவில் மிகக் குறைந்தது அதுதான், பயன்பட்டதில் மிகக் கூடியதும் அதுதான்.

முதல் அடி அனுமதியில் விழுந்தது. கடையில் வாங்கும் டிஸ்க்கும் இணையத்தில் கட்டும் சந்தாவும் வீட்டுக்குள் பார்ப்பதற்கானவை. மண்டபத்தில் ஆட்களைக் கூட்டிக் காட்டுவதற்கு உரிமையாளரின் முகவரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். “யார் வந்து பார்க்கப்போகிறார்கள்” என்று பலர் சொன்னார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு அந்த வாதம் செல்லாது. மின்னஞ்சலுக்குப் பதில் வர வாரங்கள் எடுத்தன. கட்டணம் டொலரில். அப்போது ஒரு டொலர் முந்நூறு ரூபாயை ஒட்டி நின்றது. வங்கி தன் பங்கையும் கழித்துக்கொள்ள, அறுபதாயிரம் ரூபாய் அளவில் போனது. அனுமதிக் கடிதத்தில் மூன்று விடயங்களைப் பெரிய கண்ணாடி போட்டுப் படியுங்கள். ஒன்று, அது குறித்த நாளுக்கும் குறித்த இடத்துக்கும் மட்டும் செல்லும். இன்னொன்று, நுழைவுக் கட்டணம் வாங்கினால் கணக்கே வேறு. நான் எடுத்தது இலவசக் காட்சிக்கான அனுமதி என்பதால் வாசலில் உண்டியல்கூட வைக்க முடியவில்லை. மூன்றாவதுதான் வேடிக்கை: பொது இடங்களில் படத்தின் பெயரைப் போட்டு விளம்பரம் செய்யக்கூடாது. அதனால் எங்கள் சுவரொட்டியில் “ஒரு ரோபோ படமும் உரையாடலும்” என்று மட்டும் இருந்தது. ரஜினிகாந்த் படம் என்று நினைத்து வந்த ஒரு குடும்பம் முதல் பத்து நிமிடத்தில் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆனால் கடைசிவரை இருந்தார்கள்.

அடுத்தது மண்டபம். அரைநாளுக்கு முப்பத்தைந்தாயிரம், அதற்கு மேல் திருப்பித் தரும் வைப்புப் பணம் பதினைந்தாயிரம். ஒப்பந்தத் தாளில் “ஜெனரேட்டர் வசதி உண்டு” என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். 2022இல் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு நடந்த நாட்களை அனுபவித்தவள் என்பதால் அந்த ஒரு வரிக்காகவே அந்த மண்டபத்தை எடுத்தேன். இப்போது யாராவது அந்த வசனத்தை என்னிடம் காட்டினால் நாலு கேள்வி கேட்பேன். ஜெனரேட்டர் எந்தெந்த இணைப்புக்குப் போகிறது? மேடைப் பக்கத்துச் செருகிகளுக்கு மின்சாரம் வருமா, அல்லது நடைபாதை விளக்குக்கு மட்டுமா? டீசல் யார் செலவு? ஞாயிற்றுக்கிழமை அந்த அறையின் சாவி யாரிடம்? இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் போய் நின்று ஒருதரம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே சாய்தளம் இருக்கிறதா என்றும் கண்ணால் பாருங்கள். “இருக்கிறது” என்றார்கள், இருந்தது, பின்வாசலில். பின்வாசல் பூட்டியிருந்தது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு தம்பியை நாலு பேர் சேர்ந்து படியில் தூக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், எனக்குத்தான் முகம் எரிந்தது.

புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் ஒரு வாடகைக்காரரிடம் இருபத்திரண்டாயிரம், வைப்பு பத்தாயிரம். ஒலியில் சிக்கனம் பார்க்காதீர்கள், குறிப்பாக இந்தப் படத்துக்கு. ‘நட்சத்திரப் போர்’ (ஸ்டார் வார்ஸ்) படங்களின் புகழ்பெற்ற குட்டி ரோபோவுக்குக் குரல் உருவாக்கிய பென் பேர்ட் என்பவர்தான் வோல்-ஈயின் குரலையும் உருவாக்கினார். பேச்சுக்குப் பதிலாக விம்மலும் கிறீச்சிடலும் பீப் ஒலியும்தான் கதையைக் கொண்டுபோகின்றன. மடிகணினியின் சொந்த ஒலிபெருக்கியில் போட்டால் பாதி நடிப்பு காணாமல் போய்விடும். வெளிச்சத்தில் நான் மாட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் முதல் நாளே போய் யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்துவிட்டேன். காலை பத்து மணி வெயிலில் கொழும்பில் சாதாரணத் திரைச்சீலை எதையும் மறைக்காது.

நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிறு காலை என்றால் எல்லோரும் ஓய்வு என்று நம்புகிறவர் கொழும்பில் பிள்ளை வளர்க்காதவர். அறநெறிப் பாடசாலை, தனியார் வகுப்பு, பூசை என்று பிள்ளைகள் கிழமை நாட்களைவிட அன்றுதான் அதிகம் ஓடுகிறார்கள். வருவதாகச் சொன்ன குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு புலமைப்பரிசில் வகுப்பு என்று சொல்லி நின்றுவிட்டது. பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு வைத்திருந்தால் நிலைமை வேறு. மண்டபம் அந்த நேரத்தில் கிடைக்கவில்லை, பிற்பகல் என்றால் கல்யாணக்காரருக்குத்தான் முதலிடமாம்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது பத்தேகாலுக்குத் தொடங்கியது. படம் 98 நிமிடம். வோல்-ஈ தன் பழைய வீடியோ நாடாவில் 1969ஆம் ஆண்டின் ‘ஹலோ, டோலி!’ படத்தைப் போட்டுக் கைகோத்தலைக் கற்றுக்கொள்ளும் இடத்தில் பின்வரிசையில் இருந்த அம்மம்மா ஒருவர் “ஐயோ பாவம்” என்று சத்தமாகவே சொன்னார். சூரிய ஒளியில் மின்னேறி முடிந்ததும் அது எழுப்பும் மணியோசை ஆப்பிள் கணினி தொடங்கும் அதே ஓசை. அதைக் கேட்டதும் மடிகணினிப் பையோடு வந்த இளைஞர் கூட்டம் ஒன்று கொல்லென்று சிரித்தது. சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. விண்கப்பலின் தானியங்கிச் சுக்கான் ஓட்டோ, வோல்-ஈக்கு மின்னதிர்ச்சி கொடுத்துக் குப்பைக் குழாயில் தள்ளுகிறது. அதிலிருந்து சற்று நேரத்துக்குள், பதினொன்றரை மணியளவில், திரையும் விளக்கும் விசிறியும் ஒன்றாக நின்றன. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. படத்தில் வரும் இருட்டு என்றே நினைத்தோம்.

காவலாளி ஐயா மின்பலகையைத் திறந்து ஒவ்வொரு ஆளியாகப் போட்டுப் பார்த்தார். பக்கத்துக் கட்டடத்திலும் இல்லை, காலி வீதியின் அந்தப் பக்கத்திலும் இல்லை. தொலைபேசியில் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் “உங்களுக்கும் இல்லையா?” என்ற கேள்வி வரத் தொடங்கியபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. ஜெனரேட்டர் அறையின் சாவி முகாமையாளரிடம். முகாமையாளர் குருநாகலில் ஒரு வீட்டு விசேடத்தில். வேறொரு சாவியைத் தேடிப் பிடித்து ஓட வைத்தபோது நடைபாதையில் இரண்டு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். மேடைக்கு அந்த இணைப்பே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. தொண்டை வரைக்கும் கோபம் வந்து நின்றது. மீன் ரோல்ஸும் மரக்கறி ரோல்ஸும் அடுக்கிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, இவ்வளவு பேரையும் எப்படித் திருப்பி அனுப்புவது என்று யோசித்தேன். என்னோடு நின்று யோசிக்க ஒருவரும் இல்லை என்பதுதான் அன்று அதிகம் சுட்டது.

கொஞ்சப் பேர் எழுந்து போனார்கள். குற்றம் சொல்ல முடியாது. அடுக்குமாடியில் எட்டாம் மாடி, ஒன்பதாம் மாடி என்று இருப்பவர்களுக்கு மின்தூக்கியும் இல்லை, தண்ணீர் மோட்டாரும் இல்லை. வீட்டில் வயதானவர்கள் தனியே. பாதிப் பேருக்குக் கிட்ட இருந்துவிட்டார்கள். கறுப்புத் துணிகளைக் கழற்றி யன்னல்களைத் திறந்தோம், கடற்காற்று வந்தது. கதிரைகளை வட்டமாகப் போட்டு, ரோல்ஸ் பெட்டிகளை நடுவில் வைத்து, படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். கரையோர ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. முன்பே படத்தின் முடிவைப் பார்த்திருந்தவர்கள் பாதி, பார்க்காதவர்கள் பாதி. யாரும் முடிவைச் சொல்லக்கூடாது என்று ஒரு சிறுமி சட்டம் போட்டாள். நான் வைத்திருந்த கேள்விப் பட்டியல் அந்தச் சட்டத்தோடு செத்தது. அதைவிட நல்ல கலந்துரையாடலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முழுப்படமும் முடிந்த பிறகு கூட்டம் வைத்தால் ஆட்கள் தீர்ப்புச் சொல்வார்கள். பாதியில் நிறுத்தினால் யோசிப்பார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் இதை மின்வெட்டு இல்லாமலே செய்து பார்க்கலாம்.

கொலன்னாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர்தான் கனமான கருத்தை முதலில் வைத்தார். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அந்தப் பக்கத்து மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். “இந்தப் படத்தில் குப்பை அழகாக இருக்கிறது. மஞ்சள் வெயிலில் கோபுரம் போல நிற்கிறது. நாற்றம் இல்லை, ஈ இல்லை, ஒரு மனிதனும் அதன் அடிவாரத்தில் குடியிருக்கவில்லை. குப்பையை விட்டு ஓட விண்கப்பல் கிடைத்தவர்களின் கதை இது. எங்களுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை” என்றார். யாரும் உடனே வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பல்கலைக்கழக மாணவி, 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய கப்பலிலிருந்து கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைப் பார்த்தது பற்றிச் சொன்னார். அந்த மணிகளை ரோபோ பொறுக்கவில்லை, ஆட்கள்தான் சல்லடையோடு குனிந்து நின்றார்கள் என்பது அவர் வாதம். துப்புரவு வேலையை ஓர் அன்பான இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், அந்த வேலையை யார் தலையில் கட்டுகிறோம் என்ற கேள்வி வராமல் போய்விடுகிறது. வெள்ளவத்தை ஒழுங்கைகளை விடியுமுன் கூட்டுகிறவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

படியில் தூக்கி ஏற்றிய தம்பி பேசியபோது எனக்கு மறுபடியும் முகம் எரிந்தது. கப்பலில் உள்ள மனிதர்கள் எல்லோரும் மிதக்கும் கதிரைகளில் படுத்தபடி, உடல் பெருத்து, திரையைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறார்கள். “கதிரையில் இருப்பவன் சோம்பேறி, எழுந்து நின்றவன்தான் மனிதன் என்று படம் சொல்கிறது. நான் என்ன செய்ய?” என்று கேட்டார். உடல் பருமனையே குற்றம் போலக் காட்டுவதும் தனக்குப் பிடிக்கவில்லை என்றார் இன்னொரு பெண். நீண்ட விண்வாழ்வில் எலும்பு தேய்கிறது என்று படத்திலேயே காரணம் சொல்லப்படுகிறதே என்று ஒருவர் வாதாடினார். காரணம் ஒரு வரியில் வருகிறது, கேலி ஒரு மணி நேரம் வருகிறது என்று தம்பி திருப்பிக் கொடுத்தார். என் பார்வையில் அந்தப் பந்தயத்தில் வென்றவர் அவர்தான்.

ஈவா விடயத்தில் சண்டை சூடாகிவிட்டது. பூமியில் செடி இருக்கிறதா என்று தேட விண்கப்பலிலிருந்து வரும் ரோபோதான் ஈவா, வோல்-ஈக்கு அதன்மேல் காதல். செடியைக் கண்டதும் ஈவா உறங்குநிலைக்குப் போய்விடுகிறது. வோல்-ஈ அதை இழுத்துக்கொண்டு படகில் போகிறது, குடை பிடிக்கிறது, பூட்டிய கையைத் திறந்து பிடிக்கப் பார்க்கிறது. இளைஞர்களுக்கு அது காதல். மாணவிகள் மூவர் ஒரே குரலில் “நினைவில்லாத ஒருத்தியின் கையை ஏன் பிடிக்க வேண்டும்?” என்றார்கள். ஓர் அண்ணா “அது ரோபோதானே” என்றார். “அப்படியானால் காதல் என்றும் சொல்லாதீர்கள்” என்று பதில் வந்தது. அந்த அண்ணா அதற்குப் பிறகு ரோல்ஸ் சாப்பிடுவதில் கவனம் செலுத்தினார்.

ஆனால் அன்றைய கூட்டத்தின் நாயகன் அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ஓட்டோவை எல்லோரும் வில்லன் என்று திட்டிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து அதற்காக வாதாடினார். ஐந்தாண்டுப் பயணமாக 2105இல் புறப்பட்ட கப்பல். 2110இல் பூமியைத் திருத்த முடியாது என்று முடிவாகி, திரும்பி வர வேண்டாம் என்று ரகசியக் கட்டளை போகிறது; அதன் பெயர் ஏ113. கட்டளையிட்டவர்கள் செத்து ஏழு நூற்றாண்டு ஆகிவிட்டது, அதை ரத்துச் செய்து மறு கடிதம் வரவில்லை. “சுற்றறிக்கை ரத்தாகும்வரை நடைமுறையில் இருக்கும். அந்தச் சுக்கான் செய்தது சரியான நிர்வாகம்” என்றார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. ஒரு பச்சைச் செடி கைக்கு வந்த பிறகும் பழைய தாளைக் காட்டுகிறவனைத்தான் படம் கண்டிக்கிறது என்று நான் சொன்னேன். “செடி வந்தால் அதைப் பதிவு செய்யப் படிவம் வேண்டுமே” என்றார். கலிபோர்னியாவில் அனிமேஷன் படித்த மாணவர்களின் வகுப்பறை இலக்கம்தான் ஏ113, பல படங்களில் அதை ஒளித்து வைப்பார்கள் என்று ஓர் இளைஞர் சொன்னதும் பெரியவர் அதையும் தன் பக்கச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்: வழக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை, பார்த்தீர்களா?

காவலாளி ஐயாவும் கதவருகில் நின்று படம் பார்த்திருந்தார். சிங்களத்தில் அவர் கருத்தைக் கேட்டேன். தரையில் விழும் ஒவ்வோர் அழுக்கையும் துரத்தித் துரத்தித் துடைக்கும் ‘மோ’ என்ற சின்ன ரோபோதான் தனக்குப் பிடித்தது என்றார், மற்ற எல்லோரும் ஓடித் திரிகிறார்கள், அது மட்டும்தான் வேலையை முடிக்கிறதாம். இரண்டு மொழிக் கூட்டம் வைப்பவர்கள் மொழிபெயர்க்க ஒருவரை முன்கூட்டியே அமர்த்துங்கள். கூட்டத்தை நடத்திக்கொண்டு மொழியும் பெயர்த்ததில் எனக்குக் குரல் கட்டிவிட்டது.

ஒன்றரை வரை பேசினோம். பிறகுதான் கணக்கு வந்தது. மண்டபம் பன்னிரண்டரையோடு முடிகிறது என்று சொல்லி, விளக்கும் விசிறியும் இல்லாத அந்த மேலதிக ஒரு மணி நேரத்துக்கு ஐயாயிரம் ரூபாயை வைப்புப் பணத்தில் வெட்டினார்கள். மின்வெட்டு எங்கள் பொறுப்பு அல்ல, வாடகையில் ஒரு சதமும் திரும்பாது என்றார்கள். புரொஜெக்டர் வாடகைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார், மின்தடையால் குமிழுக்குச் சேதம் என்றார். மின்குமிழ் உள்ள புரொஜெக்டரில் மின்சாரம் சட்டென நின்றால் குளிர்விக்கும் விசிறியும் நின்றுவிடும், சூட்டில் குமிழின் ஆயுள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குமிழ் ஏற்கனவே எவ்வளவு ஓடியிருந்தது என்று அவர் காட்டவில்லை. முழு வைப்பையும் வைத்துக்கொண்டார். இதற்குத் தற்காப்பு இருக்கிறது. எடுக்கும்போதே குமிழ் ஓடிய மணிக் கணக்கைப் புரொஜெக்டரின் மெனுவில் திறந்து படம் எடுத்து வையுங்கள், பெரும்பாலான கருவிகளில் அது தெரியும். எல்இடி அல்லது லேசர் வகை கிடைத்தால் சில ஆயிரம் கூடக் கொடுத்தாவது அதை எடுங்கள். அதற்கும் மேலாக ஒரு யுபிஎஸ் வாடகைக்கு எடுத்தால், கருவியைப் பண்பாக அணைக்கப் போதுமான சில நிமிடங்கள் கிடைக்கும். பற்றுச்சீட்டில் “மின்தடையால் ஏற்படும் சேதம் யாருடையது” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அன்று மாலையாகும்போது மின்சாரம் படிப்படியாகத் திரும்பியது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோனதால் 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டும் வந்தது. ஞாயிறு நண்பகலில் பாவனை குறைந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்ததால் கட்டமைப்பு எளிதாகத் தடுமாறியது என்று மின்சார சபை விளக்கியது. சூரிய ஒளியில் ஓடும் ஒரு ரோபோவின் கதையை வைத்துக்கொண்டு நான் தேர்ந்தெடுத்த நேரம் அப்படி. அது வேறு வயிற்றெரிச்சல்.

முகவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நாள் மாற்றத்துக்குப் பாதிக் கட்டணம் கேட்டார்கள். செய்தித்தாள் நறுக்குகளை மொழிபெயர்த்து இணைத்து, நாடே இருண்டது என்று விளக்கினேன். குரங்குக் கதையை நம்பினார்களா தெரியாது, பாதி பாதியாகவே நின்றது. “இயற்கை அனர்த்தம், நாடளாவிய மின்தடை வந்தால் நாளை மாற்றித் தருவீர்களா” என்று காசு கட்டுமுன் கேட்டு வைத்தால் அந்த முப்பதாயிரம் மிஞ்சும். மார்ச்சில் நோன்பு, அதே மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை, பிறகு புத்தாண்டு. எல்லாம் கழிந்த பின் வேறொரு மண்டபத்தில், மாலை நேரத்தில் முழுப்படத்தையும் மறுபடி போட்டேன். இந்தமுறை செலவில் பாதியை நாலு பேர் முன்கூட்டியே பகிர்ந்துகொண்டார்கள், அவர்களில் ஒருவர் அந்த ஓய்வுபெற்ற பெரியவர். சாய்தளம் முன்வாசலில் இருக்கிறதா என்று தம்பியே நேரில் போய்ப் பார்த்து வந்து சொன்னார்.

கொலன்னாவைக்காரரும் வந்தார். பூமிக்குத் திரும்பிய பின் என்ன நடக்கிறது என்பது இறுதிப் பெயர்ப்பட்டியலோடு ஓடும் ஓவியங்களில்தான் இருக்கிறது. குகை ஓவியப் பாணியில் தொடங்கி, எகிப்தியச் சித்திரம், கற்பதிப்பு (மொசைக்), ஓவியர் வான்கோவின் பாணி என்று கலை வரலாற்றின் வரிசையிலேயே மனிதர்களும் ரோபோக்களும் சேர்ந்து விதைக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கட்டுகிறார்கள். யார் உழைப்பது என்ற அவருடைய கேள்விக்குப் படம் வைத்திருக்கும் பதில் ஏதாவது உண்டென்றால் அது அங்கேதான். ஆகவே பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள் என்று மண்டபப் பொறுப்பாளரிடம் சொல்வது போதாது, ஆளிப் பலகைக்குப் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவரை நிறுத்துங்கள். நான் பொறுப்பாளரிடம் நன்றாகத்தான் சொல்லியிருந்தேன். மாலையில் வேறொருவர் முறை மாறி வந்திருந்தார். முதல் பெயர் வந்ததும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.